எண்ணப்படாத மக்களும் ஒரு பொருளியலாளரின் கேள்விகளும்

2012/13ஆம் ஆண்டின் வீட்டு வருமான, செலவின ஆய்வில்தான் யுத்தம் தொடங்கிய பின்னர் முதல் தடவையாக இலங்கையின் 25 மாவட்டங்களும் இடம்பிடித்தன. 1990/91, 1995/96, 2002 ஆகிய ஆண்டுகளின் ஆய்வுகளில் வடக்கும் கிழக்கும் இல்லை. 2006/07இல் வட மாகாணமும் திருகோணமலையும் இல்லை. 2009/10இல் மன்னார், கிளிநொச்சி, முல்லைத்தீவு மூன்றும் இல்லை. ஆனால் ஒவ்வொரு தடவையும் "இலங்கையின் வறுமை" என்று ஓர் எண் வெளியானது. 2002இல் 22.7 சதவீதம், 2006/07இல் 15.2, 2009/10இல் 8.9 என்று அது இறங்கிக்கொண்டே வந்தது. வறுமையை நாடு வென்று வருகிறது என்று பேசப்பட்டது.

எல்லா மாவட்டங்களும் சேர்க்கப்பட்டபோது நாட்டின் வறுமை 6.7 சதவீதம் என்று சொன்னார்கள். அதே ஆய்வில் முல்லைத்தீவின் வறுமை 28.8 சதவீதம். மன்னாரில் 20.1. மட்டக்களப்பில் 19.4. இந்த மாவட்டங்கள் ஒரே நாளில் ஏழையாகிவிடவில்லை. அவற்றைக் கணக்கில் எடுத்தது அப்போதுதான்.

நான் நாவலப்பிட்டியில் இருந்து எழுதுகிறேன். ஊடகக் கற்கை படித்த எனக்குப் பொருளியல் தொழிலல்ல. ஆனால் சுயாதீன ஊடகவியலாளராகப் பத்து வருடங்களுக்கு மேலாக அறிக்கைகளைப் புரட்டுகிறேன். அவற்றில் வரும் எண்களை அப்படியே எழுதுவதா, கேள்வி கேட்பதா என்ற சிக்கல் அடிக்கடி வருகிறது. எப்படிக் கேட்பது என்பதை நான் கற்றுக்கொண்டவர்களில் ஒருவர் இலங்கையர் அல்ல. தமிழ்நாட்டில் இருந்து சென்று உலகம் அறிந்த பொருளியலாளராகிய டி. என். ஸ்ரீனிவாசன். சர்வதேச வர்த்தகமும் பொருளாதார அளவையியலும் அவரது துறைகள். அவருடைய ஆய்வு வாழ்க்கையை எமது அனுபவத்தோடு சேர்த்துப் பார்ப்பதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

யார் இந்த ஸ்ரீனிவாசன்?

திருக்கோடிக்காவல் நீலகண்ட ஸ்ரீனிவாசன் 1933இல் பிறந்தவர். பெயரின் முன்னால் நிற்கும் திருக்கோடிக்காவல் காவிரிக்கரை ஊர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் கணிதம் படித்துவிட்டு, கல்கத்தாவில் இருந்த இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் பயிற்சி பெற்றார். அது மகலனோபிஸ் 1931இல் தொடங்கிய நிறுவனம். 1950இல் ஆரம்பித்த தேசிய மாதிரி ஆய்வின் மூளையும் அதுதான்.

அங்கிருந்து அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்குச் சென்று, பின்னாளில் நோபல் பரிசு பெற்ற ஜாலிங் கூப்மன்ஸிடம் ஆய்வு செய்து 1962இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். இந்தியாவுக்குத் திரும்பி 1977 வரை புள்ளியியல் நிறுவனத்தின் டெல்லிக் கிளையில் பணியாற்றினார். மூன்று வருடங்கள் உலக வங்கியின் ஆய்வுப் பிரிவுக்கு ஆலோசகராக இருந்தார். 1980இல் யேலுக்குத் திரும்பி அங்கேயே பேராசிரியரானார். 2007இல் இந்திய அரசு பத்மபூஷண் விருது வழங்கியது. 2018 நவம்பரில் சென்னையில் காலமானார்.

இது வெறும் பதவிப் பட்டியல். கவனிக்க வேண்டியது அவர் நகர்ந்த திசை. திட்டமிடல்தான் வறுமைக்கு மருந்து என்று இந்தியா நம்பிய காலத்தில், அந்தத் திட்டமிடலின் கணக்கு அறைக்குள் அவர் வளர்ந்தார். 1964இல் 'எக்கனோமெட்ரிக்கா' ஆய்விதழில் வெளியான அவரது கட்டுரை, ஒரு நாடு இன்று எவ்வளவு சேமித்து நாளைக்கு முதலிட வேண்டும் என்ற திட்டமிடல் கேள்வியைப் பற்றியது. பத்தே வருடங்களில் அதே திட்டமிடல் முறையின் கூர்மையான விமர்சகர்களில் ஒருவராக மாறினார். வெளியில் இருந்து ஏசியவர் அல்ல அவர். உள்ளே இருந்து கணக்குப் பார்த்தவர்.

ஒரு சோறு எப்போது பதம்?

பொருளாதார அளவையியல் என்ற பெயர் பலரைப் பயமுறுத்தும். ஆங்கிலத்தில் இதை எக்கனோமெட்ரிக்ஸ் என்பார்கள். விஷயம் அவ்வளவு கடினமானதல்ல. பொருளாதாரத்தைப் பற்றி நாம் சொல்லும் கதைகளைத் தரவுகளின் முன் நிறுத்தி, "இது உண்மைதானா, எந்த அளவுக்கு உண்மை?" என்று கேட்கும் கலை அது.

அதன் முதல் படி மாதிரி எடுப்பது. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது எமக்குத் தெரிந்த பழமொழி. முழுப் பானையையும் சாப்பிட்டுப் பார்க்க வேண்டியதில்லை. ஆனால் இந்தப் பழமொழிக்கு ஒரு நிபந்தனை இருக்கிறது: பானை முழுவதும் ஒரே நெருப்பில் வெந்திருக்க வேண்டும், கரண்டி எல்லாப் பக்கமும் போக வேண்டும். ஒரு பக்கம் நெருப்பே படாமல் இருக்க, மறுபக்கத்தில் ஒரு சோற்றை எடுத்து நசுக்கிப் பார்த்து "வெந்துவிட்டது" என்றால் அது பொய்யாகிவிடும்.

இலங்கையில் நடந்தது இதுதான். 1981க்குப் பிறகு 1991இல் குடிசன மதிப்பீடு நடக்கவே இல்லை. 2001இல் 18 மாவட்டங்களில் மட்டும் முழுமையாக நடந்தது. யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா, மட்டக்களப்பு, திருகோணமலை ஆகிய ஏழும் முழுமையாக எண்ணப்படவில்லை. நாடு முழுவதையும் எண்ணிய அடுத்த கணக்கெடுப்பு 2012இல்தான் வந்தது. ஆக, 31 வருடங்கள். அந்த இடைவெளியில் பிறந்து, வளர்ந்து, இடம்பெயர்ந்து, காணாமற்போன ஒரு தலைமுறை எந்தக் கணக்கிலும் சரியாகப் பதியப்படவில்லை.

ஸ்ரீனிவாசன் இலங்கையை மனதில் வைத்து எழுதியவர் அல்ல. ஆனால் 1994இல் 'அபிவிருத்திப் பொருளியல் ஆய்விதழில்' அவர் எழுதிய கட்டுரை இதே நோயைப் பற்றியது. சர்வதேச நிறுவனங்கள் அச்சிடும் அட்டவணைகளில் ஏழை நாடுகளின் எண்கள் பல உண்மையில் அளந்து பெற்றவை அல்ல. பழைய கணக்கெடுப்பை நீட்டியோ, அயல்நாட்டைப் பார்த்து ஊகித்தோ நிரப்பப்பட்டவை என்று அவர் எச்சரித்தார். அட்டவணையில் தசமப் புள்ளியோடு நிற்கும் எண்ணுக்குப் பின்னால் ஒரு கணக்கெடுப்பே இல்லாமல் இருக்கலாம். அதை எடுத்துக் கணினியில் போட்டு வரும் முடிவு எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் அத்திவாரம் இல்லாத வீடுதான்.

எண்ணிக்கை எவ்வளவு பாரதூரமான விடயம் என்பதை வன்னியில் இருந்தவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. 2009இன் ஆரம்பத்தில் மோதல் பகுதிக்குள் 70,000 முதல் 100,000 வரையான மக்களே இருப்பதாக அரசாங்கம் சொன்னது. பின்னர் முகாம்களுக்கு வந்து சேர்ந்தோர் ஏறத்தாழ 290,000 பேர். உணவு லொறிகளும் மருந்துப் பெட்டிகளும் முதலாவது எண்ணுக்கு ஏற்பவே அளக்கப்பட்டன. 2011இல் வெளியான ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு அறிக்கை, இந்தக் குறைமதிப்பீட்டை உணவும் மருந்தும் மறுக்கப்பட்டதோடு இணைத்தே பேசியது. அங்கே எண்ணிக்கை என்பது கல்வியாளரின் சர்ச்சை அல்ல. ஒரு குழந்தைக்குப் பால்மா கிடைக்குமா என்ற கேள்வி.

கூரை ஒழுகினால் வாசலை அடைப்பதா?

இனி வர்த்தகத்துக்கு வருவோம். எமது ஊரே வர்த்தகத்தின் குழந்தை. 1874இல் நாவலப்பிட்டிக்கு ரயில் வந்தது கோப்பியை இறக்குவதற்காக. கோப்பி நோயில் அழிந்த பின் அதே ரயில் தேயிலையை இறக்கியது. அந்தத் தோட்டங்களில் வேலை செய்யத் தென்னிந்தியாவில் இருந்து கொண்டுவரப்பட்டவர்களின் பிள்ளைகள் நாங்கள். லண்டனில் தேயிலை விலை ஏறினாலும் இறங்கினாலும் தொலஸ்பாகை மலையில் அடுப்புக்குத் தெரியும்.

1970 முதல் 1977 வரை இலங்கை இறக்குமதிகளை இறுக்கமாகக் கட்டுப்படுத்தியது. வெளிநாட்டு மிளகாயும் வெங்காயமும் தடைப்பட்டன. யாழ்ப்பாணத்தின் தோட்டச் செய்கையாளர்களுக்கு அது பொற்காலம். செம்மண்ணில் விளைந்த வெங்காயமும் மிளகாயும் நல்ல விலைக்குப் போயின; பலர் கல்வீடு கட்டினார்கள், பிள்ளைகளைப் படிப்பித்தார்கள். அதே வருடங்களில் மலையகத்தில் பஞ்சம். 1973, 1974இல் அரிசியும் மாவும் கிடைக்காமல், வாங்கக் காசும் இல்லாமல், தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. இறப்பு வீதம் கூடியது. 1977இல் சந்தை திறக்கப்பட்டதும் நிலைமை புரண்டது. இறக்குமதி வந்து விழ, யாழ்ப்பாண விவசாயி விலையை இழந்தார்.

ஒரே மொழி பேசும் இரண்டு மக்கள். ஒரே கொள்கை ஒருவருக்குச் சோறு போட்டது, மற்றவரின் சோற்றைப் பறித்தது. "இறக்குமதித் தடை தமிழருக்கு நல்லதா கெட்டதா?" என்று கேட்டால் பதில் கிடையாது. எந்தத் தமிழருக்கு என்று கேட்க வேண்டும். வெங்காயத்தை விற்பவருக்கா, வாங்குபவருக்கா?

இந்த இடத்தில் ஸ்ரீனிவாசனின் கோட்பாட்டுப் பணி உதவுகிறது. ஜகதீஷ் பகவதி, வி. கே. ராமசுவாமி ஆகியோருடன் சேர்ந்து 1969இல் அவர் எழுதிய கட்டுரை, பொருளியலில் இன்று பாடமாக இருக்கும் ஒரு கருத்தைச் செம்மைப்படுத்தியது. அதன் சாரம்: உள்நாட்டுப் பொருளாதாரத்தில் ஒரு கோளாறு இருந்தால், கோளாறு இருக்கும் இடத்திலேயே அதைத் திருத்து, எல்லையில் தீர்வை போட்டுத் திருத்த முனையாதே. லயன் கூரைத் தகரம் ஒழுகினால் தகரத்தை மாற்ற வேண்டும். வாசலை அடைத்தால் மழையும் நிற்காது, உள்ளே இருப்பவருக்கு மூச்சும் முட்டும்.

யாழ்ப்பாண விவசாயியைக் கைதூக்கிவிட வேண்டுமா? நீர்ப்பாசனம், உரம், களஞ்சியம், கடன் ஆகியவற்றுக்கு அரசு நேரடியாகச் செலவழிக்கலாம். அதன் செலவை நாடு முழுவதும் பகிர்ந்துகொள்ளும். இறக்குமதியை அடைத்தால் அந்தச் செலவைக் கொடுப்பவர், மிளகாயை விலைக்கு வாங்கிச் சாப்பிடும் தோட்டத் தொழிலாளி. யாருக்கும் தெரியாமல் அவர்மேல் விதிக்கப்பட்ட வரி அது.

அனுமதிப்பத்திரத்தின் விலை

1975இல் பகவதியும் ஸ்ரீனிவாசனும் இந்தியாவின் வெளிநாட்டு வர்த்தக முறை பற்றிப் பெரிய நூல் ஒன்றை வெளியிட்டார்கள். 1966 ரூபாய் மதிப்பிறக்கத்தைச் சுற்றிய வருடங்களில் இறக்குமதி அனுமதிப்பத்திரங்கள் யாருக்குப் போயின, எந்த அடிப்படையில் போயின, அதனால் என்ன ஆனது என்று விவரமாக ஆராய்ந்தார்கள். பற்றாக்குறையான பொருளுக்கு அனுமதிப்பத்திரம் வைத்தால் அந்தத் தாளே ஒரு சொத்தாகிவிடுகிறது. அதைப் பெறுவதற்காக மனிதர்கள் நேரத்தையும் பணத்தையும் செல்வாக்கையும் செலவிடுகிறார்கள். எவரும் ஒரு சவர்க்காரக் கட்டியைக்கூடக் கூடுதலாகச் செய்வதில்லை. இருக்கிற கட்டிக்கான தாளுக்காகப் போட்டி போடுகிறார்கள். 1980இல் இருவரும் எழுதிய இன்னொரு கட்டுரை, தீர்வை வருமானத்தைப் பிடிக்க நடக்கும் இந்த ஓட்டத்தைக் கணித வடிவில் வைத்தது.

வடக்கில் 1990களில் வாழ்ந்தவர்களுக்கு இந்தக் கணிதம் தேவையில்லை. மண்ணெண்ணெய், பெற்றோல், பற்றரி, சீமெந்து, உரம், சவர்க்காரம் எனத் தடைப்பட்டியல் நீண்டது. பெற்றோல் சிறு போத்தல்களில் விற்கப்பட்டது. மோட்டார் சைக்கிளைச் சில துளி பெற்றோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டார்கள். பனம்பழத்தில் துணி துவைத்தார்கள். அந்தக் கெட்டித்தனத்தைப் பெருமையாகப் பேசுகிறோம், பேசவும் வேண்டும். கூடவே கேட்க வேண்டிய கேள்வி: ஒரு லீற்றர் மண்ணெண்ணெய்க்குக் கொழும்பு விலைக்கும் யாழ்ப்பாண விலைக்கும் இருந்த வித்தியாசம் யாருடைய கையில் தங்கியது? அனுமதி கொடுத்தவர், கடத்தியவர், பதுக்கியவர், சாவடியில் நின்றவர் என அது பிரிந்து போனது. 2002இல் ஏ9 பாதை திறந்த பிறகும் பொருட்கள் விடுதலைப் புலிகளின் வரிச் சாவடியைத் தாண்டியே வர வேண்டியிருந்தது. இரு பக்கத்திலும் சாவடிக்கு ஒரு விலை இருந்தது. அதைக் கடைசியில் கொடுத்தவர் வாங்கிச் சாப்பிட்டவர்தான்.

யுத்தத்தின் பொருளாதாரச் செலவையும் பொருளியலாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். நிஷா அருணதிலக்க, சிசிர ஜயசூரிய, சமன் கெலேகம ஆகிய மூவரும் 2001இல் வெளியிட்ட ஆய்வு, 1983 முதல் 1996 வரையான செலவு 1996இன் மொத்த உள்நாட்டு உற்பத்தியைப் போல் குறைந்தது இரண்டு மடங்கு என்றது. நாடு முழுவதும் இரண்டு வருடங்கள் உழைத்ததைக் கொண்டுபோய்க் கடலில் கொட்டியதற்குச் சமம். இப்படிக் கணக்கிட, "யுத்தம் இல்லாதிருந்தால் என்ன நடந்திருக்கும்?" என்ற கேள்விக்கு நேர்மையான ஒரு மதிப்பீடு வேண்டும். பொருளாதார அளவையியல் செய்யும் கடினமான வேலைகளில் ஒன்று அது.

தனக்குச் சாதகமான சான்றையும் சந்தேகித்தவர்

என்னை ஸ்ரீனிவாசனிடம் அதிகம் ஈர்த்தது இந்தப் பகுதிதான். அவர் திறந்த வர்த்தகத்தை ஆதரித்தவர். 1993இல் இந்திய நிதியமைச்சுக்காகச் சீர்திருத்தங்கள் பற்றி அவரும் பகவதியும் அறிக்கை எழுதினார்கள். 1990களில் பல நாடுகளின் எண்களை ஒன்றாகக் கணினியில் போட்டு, "திறந்த நாடுகள் வேகமாக வளர்கின்றன" என்று காட்டும் ஆய்வுகள் குவிந்தன. அவற்றின் முடிவு அவருக்குச் சாதகமானது. அவர் கைதட்டியிருக்கலாம்.

மாறாக, இந்த நாடு கடந்த கணக்குகளை நம்ப முடியாது என்று பகவதியும் அவரும் எழுதினார்கள். தரவு பலவீனம். நாடுகள் ஒன்றுக்கொன்று வேறுபட்டவை. எது காரணம், எது விளைவு என்று பிரிக்க முடியவில்லை. ஒவ்வொரு நாட்டையும் ஆழமாகத் தனித்தனியே ஆராய்ந்த நூல்களில் இருந்தே திறந்த வர்த்தகத்துக்கான வலுவான சான்று கிடைக்கிறது என்பது அவர்களுடைய நிலைப்பாடு.

காரணமும் விளைவும் எப்படிக் குழம்பும் என்பதற்கு எமது ஊர் உதாரணம் ஒன்று. மழை பெய்த பின் கொழுந்து தளதளவென்று வரும். தேயிலைத் தொழிற்சாலை இரவு பகலாக ஓடும். இந்த ஊரையே பார்த்திராத ஒருவர் இரண்டு நிரல்களை மட்டும் பார்த்தால், தொழிற்சாலை ஓடுவதும் மழையும் சேர்ந்தே வருகின்றன என்று காண்பார். தொழிற்சாலையை ஓட்டினால் மழை வரும் என்று அவர் முடிவெடுத்தால் கணினி தடுக்காது. ஊரில் இருப்பவர் சிரிப்பார். "ஏற்றுமதி கூடியதால் நாடு வளர்ந்தது" என்ற வாக்கியத்திலும் இதே ஆபத்து ஒளிந்திருக்கிறது. நாடு வளர்ந்ததால் ஏற்றுமதி கூடியிருக்கலாம். யுத்தம் நின்றதால் இரண்டும் கூடியிருக்கலாம்.

தன் கருத்துக்கு ஆதரவாக வரும் எண்ணை அதிகம் சோதிக்க வேண்டும் என்பது எமக்கும் பொருந்தும். எமது இழப்புகளைப் பற்றிய எண்களை நாமும் சில வேளை ஊதிப் பெருக்கிச் சொல்கிறோம். அப்படிச் சொல்லும் ஒவ்வொரு தடவையும், சரியாக எண்ணப்பட்ட இழப்பையும் மறுப்பதற்கு எதிராளிக்கு வாய்ப்புக் கொடுக்கிறோம்.

உடன்பட முடியாத இடங்கள்

ஸ்ரீனிவாசன் சொன்னதெல்லாம் சரி என்று நான் சொல்ல வரவில்லை. இரண்டு இடங்களைக் குறிப்பிட வேண்டும்.

முதலாவது, பசியை அளப்பது. பி. வி. சுகாத்மேயின் கருத்தைத் தொடர்ந்து, சராசரி கலோரி அளவுக்குக் கீழே சாப்பிடும் எல்லோரையும் போசாக்கற்றவர் என்று எண்ணக் கூடாது, மனித உடலின் தேவை ஆளுக்கு ஆள், நாளுக்கு நாள் மாறும் என்று 1980களில் அவர் வாதிட்டார். அளவைக் கோணத்தில் அது நியாயமான கேள்வி. ஆனால் சி. கோபாலன் போன்ற போசாக்கு அறிஞர்கள் சுகாத்மேயின் வாதத்தைக் கடுமையாக எதிர்த்தார்கள். குறைவாகச் சாப்பிட்டு உடல் பழகிவிட்டது என்றால், அந்தப் பழக்கத்தின் விலை என்ன? குளிரில், செங்குத்தான மலையில், முதுகில் கூடையோடு ஏறும் ஒரு பெண்ணின் உடல் "சரிக்கட்டிக்கொள்வதை" நாங்கள் தினமும் பார்க்கிறோம். அது ஆரோக்கியம் அல்ல.

இரண்டாவது, மனித உரிமையும் தொழிலாளர் தரமும் வர்த்தகத்தோடு இணைக்கப்படுவது. தொழிலாளர் தரங்களை வர்த்தக ஒப்பந்தங்களுக்குள் கொண்டுவருவதை அவர் எதிர்த்தார். பணக்கார நாடுகள் தங்கள் தொழிற்சாலைகளைக் காப்பாற்ற அதைக் கருவியாக்கும் என்பது அவரது அச்சம். ஜி.எஸ்.பி. பிளஸ் சலுகையை மனித உரிமைக் காரணங்களுக்காக ஐரோப்பிய ஒன்றியம் 2010 ஓகஸ்டில் நிறுத்தியது; 2017 மே மாதம் திருப்பிக் கொடுத்தது. உள்நாட்டில் நீதி கேட்டுக் களைத்த மக்களுக்கு, வெளியில் இருந்து வரும் அழுத்தம் மிகச் சில வழிகளில் ஒன்று. அதை வெறும் வர்த்தகக் கோளாறு என்று ஒதுக்கிவிட எம்மால் முடியாது. அதே வேளை, சலுகை நின்றால் முதலில் அடிபடுவது யார் என்பதையும் பார்க்க வேண்டும். யுத்தத்துக்குப் பின் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் ஆடைத் தொழிற்சாலைகளில் ஏறிய பெண்கள் பலர் குடும்பத்தைத் தனியாகத் தாங்குபவர்கள். அழுத்தத்தின் செலவை அவர்கள் கொடுக்காமல் இருக்க என்ன ஏற்பாடு என்ற கேள்வியை ஸ்ரீனிவாசனின் தர்க்கம் எம்மிடம் கேட்கிறது. அந்தக் கேள்வி நியாயமானது.

இன்று எமக்கு இதனால் என்ன?

2025 ஏப்ரலில் அமெரிக்கா இலங்கைப் பொருட்களுக்கு 44 சதவீதத் தீர்வையை அறிவித்தது. பேச்சுவார்த்தைக்குப் பின் ஓகஸ்டில் அது 20 ஆனது. எமது செய்திகளில் அது கொழும்பு ஏற்றுமதியாளர்களின் கவலையாகவே வந்தது. அது கிளிநொச்சியில் தையல் இயந்திரத்தின் முன் இருப்பவரின் கவலையும்தான்.

2023இல் அஸ்வெசும வந்தபோது, யார் ஏழை என்பதை 22 அளவுகோல்களைக் கொண்ட புள்ளித் திட்டம் தீர்மானித்தது. கிராம சேவகரின் தயவுக்குப் பதிலாக ஒரு சூத்திரம் என்பது முன்னேற்றம்தான். ஆனால் சூத்திரத்துக்கும் கண் மறைவுகள் உண்டு. லயன் அறைக்கு உறுதி இல்லை. யுத்தத்தில் இழந்த ஆவணங்கள் திரும்பி வரவில்லை. காணாமற்போன கணவரை எந்தக் கட்டத்தில் நிரப்புவது? புள்ளி போடும் படிவம் எந்த வாழ்க்கையைக் கற்பனை செய்து எழுதப்பட்டதோ, அந்த வாழ்க்கைக்கு வெளியே இருப்பவர் விடுபடுவார்.

பெருந்தோட்டத்துறையின் வறுமை 2006/07இல் 32 சதவீதமாக இருந்தது, 2009/10இல் 11.4 என்று அறிவிக்கப்பட்டது. மூன்று வருடத்தில் மூன்றில் இரண்டு பங்கு மறைந்ததாம். பொய் என்று கத்துவது சுலபம். அதைவிட உபயோகமானது கோடு எங்கே போடப்பட்டது என்று கேட்பது. 2012/13இல் வறுமைக்கோடு ஒருவருக்கு மாதம் 3,624 ரூபா, நாளொன்றுக்கு ஏறத்தாழ 120 ரூபா. 119இல் இருந்தவர் 122க்கு வந்தால் கணக்கில் வறுமை தீர்ந்துவிடும்; லயனில் எதுவும் மாறியிருக்காது. பலர் கோட்டுக்கு மிக அருகில் நெருங்கி நிற்கும் இடத்தில், சிறு சம்பள உயர்வுகூட வறுமை வீதத்தைத் தலைகீழாக்கும். அடுத்த விலையேற்றம் அதே வேகத்தில் திருப்பியும் விடும்.

மலையகத் தமிழருக்கு எண்ணப்படுவது எப்போதும் ஆறுதலான விடயமாக இருந்ததில்லை. 1964இல் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் எம்மை 975,000 பேர் என்று எண்ணி, 525,000 பேரை இந்தியாவுக்கு, 300,000 பேரை இலங்கைக்கு என்று பிரித்தது. மீதி 150,000 பேரை 1974இல் பாதி பாதியாகப் பங்கிட்டார்கள். 1977இலும் 1983இலும் அடிபட்டு மலையில் இருந்து வன்னிக்குப் போன குடும்பங்கள், அங்கே இன்னொரு யுத்தத்தின் கணக்குக்குள் விழுந்தன. 1981இல் மக்கள்தொகையில் 5.5 சதவீதமாக இருந்த 'இந்தியத் தமிழர்' 2012இல் 4.1 சதவீதம் என்று பதிவானார்கள். பலர் தங்களை இலங்கைத் தமிழர் என்று பதிந்ததும் இதற்கு ஒரு காரணம். எந்தப் பெயரில் எண்ணப்படுகிறோம் என்பதும் எண்ணிக்கையின் ஒரு பகுதி.

ஒரு எண்ணைக் கேட்டதும் நான் இப்போது நான்கு கேள்விகளை எழுதி வைக்கிறேன். யார் எண்ணினார்? யார் விடுபட்டார்? கோட்டை எங்கே போட்டார்? இந்த எண் உண்மை என்றால் யாருக்கு என்ன கிடைக்கும், யாரிடம் இருந்து என்ன போகும்? இவற்றுக்குக் கணினியும் கலாநிதிப் பட்டமும் வேண்டியதில்லை. மாதர் சங்கத்திலும் மீனவர் சங்கத்திலும் தோட்டக் கமிட்டியிலும் கேட்கலாம். பிரதேச செயலகத்தில் பட்டியல் ஒட்டப்படும் நாளில் கேட்கலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2016 முதல் இருக்கிறது. எழுத்தில் கேட்டால் எழுத்தில் பதில் தர வேண்டும்.

2024 ஒக்டோபரில் தொடங்கிய குடிசன மதிப்பீட்டின் விவரங்களைக் கொண்டுதான் அடுத்த பத்து வருடங்களின் பாடசாலை, வைத்தியசாலை, வீட்டுத்திட்டக் கணக்குகள் போடப்படும். உங்கள் கிராமத்துக்கான எண் வெளிவரும்போது அதை எடுத்து, உங்கள் ஊரில் உள்ள வீடுகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒத்துப்போனால் நல்லது. ஒத்துப்போகாவிட்டால், வித்தியாசத்தைத் திகதியோடு எழுதி வையுங்கள்.